காலண்டர் சுவர்

கட்டிங் மாஸ்டர் என்றால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். முப்பது வருஷமாகத் தையல் கடையில் கத்தரிக்கோல் பிடித்த கை. துணியை மேசையில் விரித்தால், ஒரு நூல் பிசகியிருந்தாலும் அவர் கண்ணை உறுத்தும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவர் யாரையும் நிம்மதியாக இருக்கவிட்டதில்லை. விருந்துக்குப் போன வீட்டில்கூட, ஜன்னல் திரை ஏறி இறங்கித் தொங்குவதைச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

மனுஷனுக்குக் குடி, சீட்டு என்று எதுவும் கிடையாது. ஒரே ஒரு பைத்தியம், காலண்டர். தேதி பார்க்கிற காலண்டர் இல்லை. மேலே பெரிதாக ஒரு மாய உலக ஓவியமும், கீழே போனால் போகிறதென்று மாதமும் அச்சடித்த சுவர்க் காலண்டர்கள். எல்லாம் ஒரே ஓவியர் வரைந்தவை. வருஷத்துக்குப் பன்னிரண்டு ஓவியம், முப்பத்தொரு வருஷம். ஒன்றில் டிராகனின் செதில்களை ஒவ்வொன்றாக வரைந்துவிட்டு, கண்ணை மட்டும் லேசாக ஈரமாக விட்டிருப்பார். அது கோபமா, தூக்கக் கலக்கமா என்று மாஸ்டர் பத்து வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தார். இன்னொன்றில் மலையளவு ராட்சதன் ஒருவன் மல்லாந்து உறங்குவான். அவன் கால் கட்டைவிரலில் யாரோ கயிறு கட்டித் துணி உலர்த்தியிருப்பார்கள். "அந்தச் சட்டையோட தோள் மடிப்பப் பாருங்க. தையல் தெரிஞ்ச கை வரைஞ்சது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். வருகிறவர்களுக்கு ராட்சதன்தான் தெரிவான், சட்டை தெரியாது.

வீட்டின் கடைசி அறையில் ஒரு முழுச் சுவரை அந்தக் காலண்டர்கள் பிடித்துக்கொண்டிருந்தன. எட்டு எட்டாக நாலு வரிசை. ஓவியர் வரைவதை நிறுத்திவிட்டதால் கடைசி வரிசை ஓரத்தில் ஓர் இடம் மட்டும் காலி. மற்றபடி சுவரில் சுண்ணாம்பே தெரியாது. கீழே வரிசையாகத் தகரப் பெட்டிகள். ஒற்றை ஆணியில் தொங்கவிட்டால் மின்விசிறிக் காற்றுக்கு ஆடும் என்று காலண்டருக்கு இரண்டு ஆணி, இரண்டு கிளிப். அளவு நாடா வைத்து, நூல் பிடித்து ஆணி அடித்தவரும் அவரே. மாதம் பிறந்தால் முதல் தேதி கடைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, முப்பத்தொரு பக்கத்தையும் திருப்புவார். "எங்க கல்யாண நாளுக்கு இந்த மனுஷன் லீவு போட்டதாச் சரித்திரமே இல்ல" என்பாள் அவர் மனைவி.

மகள் நாலு மாதக் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தபோது அந்த அறையைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, திரும்ப ஆறு மாதம் ஆகும். கட்டில் போட்டது போக மிச்சமிருந்த இடம் காலண்டர் சுவரை ஒட்டித்தான். அங்கே தொட்டில் வந்தது. குழந்தைக்கு ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. எல்லோரும் கூப்பிட்டது குட்டி.

"பச்சக் குழந்தை தலைமாட்டுல பூதத்தையும் பேயையும் தொங்கவிட்டா அது எப்படிங்க தூங்கும்? கொஞ்ச நாளைக்குக் கழட்டி வைங்களேன்" என்றாள் மனைவி.

"அதெல்லாம் நல்ல பூதம். தூங்கும்" என்றார் மாஸ்டர்.

அத்தோடு பேச்சு முடிந்தது. குட்டியும் தாத்தாவின் மானத்தைக் காப்பாற்ற நினைத்ததோ என்னவோ, மேகத்தில் மிதக்கும் கோட்டையைப் பார்த்துப் பார்த்துக் கையையும் காலையும் உதைத்தது.

பக்கத்து வீட்டை இடித்ததும் அப்போதுதான். ஒரே வாரத்தில் தரைமட்டமாக்கிவிட்டு, கார் நிறுத்த நிலத்துக்கடியில் இரண்டு தளம் வேண்டுமென்று தோண்ட ஆரம்பித்தார்கள். காலையிலிருந்து மாலைவரை மண் தோண்டும் இயந்திரம் உறுமியது. அலமாரியில் தம்ளர்கள் தாமாகவே கிணுகிணுத்தன. கடைசி அறையின் கதவு நிலையில் சிக்கிக்கொண்டு முரண்டு பிடித்தது. தினமும் காலையில் குட்டியின் விரிப்பில் மாவு சலித்த மாதிரி வெள்ளைத் தூசி படிந்திருக்கும். மனைவி அதை உதறிப் போட்டுவிட்டுப் பக்கத்து வேலைக்காரர்களை வாய் நிறையத் திட்டுவாள். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

மாஸ்டர் யோசிக்கிற நிலையிலும் இல்லை. அவருக்குக் கடிதம் வந்திருந்தது, ஓவியரிடமிருந்து. எண்பதைத் தாண்டியவர். கிடங்கில் பிடித்த தீயில் அவருடைய மூல ஓவியங்கள் அத்தனையும் சாம்பலாகிவிட்டன. அச்சான காலண்டர்களிலும் பாதிக்கு மேல் அவரிடம் இல்லை. 'மொத்தமும் ஒரே சுவரில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்குக் கண் இன்னும் கொஞ்சம் தெரிகிறது. முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை, வரலாமா? நீங்கள் பக்கம் திருப்பும்போது அருகில் நிற்க ஆசை.' மாஸ்டர் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் சட்டையையே மாற்றவில்லை.

அதற்குப் பிறகுதான் காலண்டர்கள் சாயத் தொடங்கின.

முதலில் கீழ் வரிசையில் ஒன்று, தொட்டிலுக்கு நேர் மேலே. இடது பக்கம் ஓர் அரிசி அளவு இறங்கியிருந்தது. கிளிப்பை நகர்த்தி நேராக்கினார். மறுநாளும் இறங்கியிருந்தது. அதற்கடுத்த நாள், அதற்கு மேல் வரிசையில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது.

"குட்டியத் தூக்கும்போது முழங்கைய எங்க கொண்டுபோய் இடிக்கிற?" என்று மகளிடம் கேட்டார்.

"நான் தொடவே இல்லப்பா."

"பின்ன டிராகனா எறங்கி வந்து ஆட்டுது? ஆணி அசைஞ்சிருக்கு. நான் அடிச்ச ஆணி."

"சத்தியமா இல்லப்பா."

"பொய் வேற. சின்ன வயசுலருந்தே என் சாமான்னா உனக்கு எளக்காரம்."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு குழந்தையின் ஈரத் துணியை மாற்றினாள். கண் கலங்கியது தெரியக்கூடாதென்று ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள். அன்று முதல் தொட்டிலுக்குப் பக்கவாட்டில் போய், வயிற்றை எக்கிக்கொண்டுதான் குட்டியைத் தூக்கினாள். மாஸ்டர் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது. மறுநாள் மூன்றாவது வரிசையும் சாய்ந்திருந்ததைக் கண்டதும் அந்தப் பாவமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

புதன்கிழமை காலை, பெண்கள் இருவரும் குட்டிக்குத் தடுப்பூசி போடக் கிளம்பிப் போனார்கள். மாஸ்டர் கடைக்குப் புறப்படும்முன் வழக்கம்போலச் சுவரைப் பார்க்க வந்தார். மேல் வரிசையில் அந்தக் கடல் ஓவியம். கரும்பச்சைக் கடல், நடுவில் ஒற்றைப் பாய்மரக் கப்பல், கப்பலுக்கு அடியில் அதைவிட நாலு மடங்கு பெரிதாக ஏதோ ஒன்று. அது என்னவென்று ஓவியர் வரையவே இல்லை. அந்த இடத்தில் தண்ணீரைக் கொஞ்சம் இருட்டாக்கியிருந்தார், அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷத்து ஓவியங்களில் மாஸ்டருக்குப் பயம் தந்தது அது ஒன்றுதான், அதனாலேயே அதன்மேல் தனிப் பிரியம். அந்தக் கடல் இப்போது ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

மேல் வரிசையை முக்காலி போட்டால்தான் அவருக்கே எட்டும். மகள் அவர் தோள் உயரம்.

மாஸ்டர் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, நாடாவைப் பிடித்தார். ஒரே மட்டத்தில் அடித்த இரண்டு ஆணிகளில் ஒன்று அரை விரல் கீழே இருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த தூரமும் கூடியிருந்தது. கிளிப்பைக் கழற்றிக் கடலைக் கீழே இறக்கினார்.

பின்னால் சுவர் பிளந்திருந்தது. கட்டைவிரல் உள்ளே போனது. ஈர மண் வாசனையோடு குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. குனிந்து பார்த்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. அடுத்த காலண்டரைத் தூக்கிப் பார்த்தார், அதற்குக் கீழே இருந்ததை, அதற்கும் கீழே இருந்ததை. விரிசல் செங்கல் செங்கலாகப் படியிறங்கி, ராட்சதனுக்குப் பின்னாலும் கோட்டைக்குப் பின்னாலும் வந்து, தொட்டிலின் தலைமாட்டில் பெட்டிகளுக்குப் பின்னால் மறைந்தது.

மகள் தொடவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. இது எப்படிப்பட்ட விரிசல் என்பதும் புரிந்துவிட்டது, அதைச் சொல்ல ஒரு கொத்தனார் வேண்டியதில்லை. வாயைத் திறந்தால் அந்த நிமிஷமே வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆட்கள் வருவார்கள், முட்டுக் கொடுப்பார்கள், காலண்டர்களை அள்ளி மூட்டை கட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவர் வந்து வெறும் சுவரைப் பார்த்துவிட்டுப் போவார். இன்னொரு தடவை வருகிற வயசா அது?

"எத்தனை வருஷமா நிக்கிற சுவரு. நாலு நாள் நிக்காதா? திங்கட்கிழமை காலையிலயே ஆளக் கூட்டியாந்துடலாம்" என்று வாய்விட்டே சொன்னார். யாருமில்லாத அறையில் அது நியாயமாகத்தான் கேட்டது.

கடைப் பையில் ஊதா நிற லைனிங் துணியின் வெட்டுத் துண்டுகள் கிடந்தன. அவற்றைச் சுருட்டி, திருப்புளியால் விரிசலுக்குள் திணித்தார். வெளிச்சக் கோடு மறைந்தது. சாய்ந்த ஆணிகளைப் பிடுங்கி, மட்டம் பார்த்துப் புதிதாக அடித்து, எல்லாவற்றையும் மறுபடி மாட்டினார். தள்ளி நின்று பார்த்தபோது ஒரு கோணல் இல்லை. அழகாக இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

தொட்டிலை மட்டும் இழுத்துக் கதவோரம் போட்டார். திரும்பி வந்த மகள் அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"ஏம்ப்பா நகர்த்துனீங்க?"

"அங்க குட்டி கண்ணுல வெளிச்சம் அடிக்குதும்மா."

"அந்தப் பக்கம் ஜன்னலே கெடையாதே." அவள் குரல் தணிந்தது. "உங்க காலண்டர நான் இடிச்சிடுவேன்னு பயம். அத நேராவே சொல்லுங்களேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அடுத்து, பிறகு ஏன் என்று கேட்பாள். மாஸ்டர் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். மாலை வந்து பார்த்தபோது தொட்டில் பழைய இடத்தில் இருந்தது. கதவோரம் காற்றடித்துக் குழந்தைக்குச் சளி பிடித்துவிடும் என்று மனைவி தள்ளிப் போட்டிருந்தாள். மாஸ்டர் கை கால் கழுவப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலையில் அவர் திணித்த துணி உள்ளே விழுந்திருந்தது. இன்னும் கொஞ்சம் திணித்தார். கடையில் ஒரு கோட்டுக்கு இரண்டு கையும் இடது கையாகவே வெட்டிவைத்தார். முதலாளி கிண்டல் செய்யக்கூடப் பயந்துபோய், உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். மத்தியானம் வீட்டுக்கு போன் போட்டார்.

"குட்டி எங்க?"

"தொட்டில்ல தூங்குது. எதுக்குக் கேக்குறீங்க?" என்றாள் மனைவி. அவள் குரலுக்குப் பின்னால் இயந்திரம் உறுமுவது கேட்டது.

"சும்மாத்தான்" என்று வைத்துவிட்டார். இன்னும் மூன்று நாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தவர், தெருமுனையிலேயே கூட்டத்தைப் பார்த்தார். கால் தரித்து நிற்கவில்லை. ஓட்டமும் நடையுமாக வந்தால், எதிர்ச் சாரியில் மனைவியும் மகளும் செருப்பில்லாமல் நின்றிருந்தார்கள். குட்டி மகளின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டருக்கு அப்படியே தரையில் உட்கார்ந்து அழவேண்டும்போல இருந்தது. மூன்று பேரும் இருக்கிறார்கள், வேறென்ன வேண்டும்?

மனைவி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசி ரூம் சுவரு வாயப் பொளந்து நிக்குதுங்க! ஞாயித்துக்கிழமை பெரியவர் வராரு, அப்பாவுக்குச் சந்தோஷமா இருக்கட்டும்னு காலண்டருக்குப் பின்னாடியெல்லாம் தூசி தட்டறேன்னா இவ. அதனாலதான் தெரிஞ்சுது. இல்லேன்னா நம்ம குட்டி..."

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடியிருந்த கையை நீட்டி விரித்தாள். உள்ளங்கையில் சுண்ணாம்புத் தூசி படிந்த ஊதாத் துணிச் சுருள். ஓரத்தில் மாஸ்டரின் சாக்பீஸ் கோடு இன்னும் அழியாமல் இருந்தது.

"இது எப்படிப்பா அதுக்குள்ள போச்சு?"

மனைவி துணியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அவர் கையைப் பிடித்திருந்த பிடி மெல்லத் தளர்ந்தது. "உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லுங்களேன்" என்றாள். "எலி இழுத்துட்டுப் போயிருக்கும்னாவது சொல்லுங்களேன்."

சொல்லியிருக்கலாம். மனைவி நம்பியிருப்பாள், நம்புவதற்குத் தயாராகத்தான் நின்றாள். அதற்குள் பக்கத்து மனையில் யாரோ கத்தினார்கள். இயந்திரத்தின் உறுமல் நின்றது. அந்த அமைதியில் செங்கல் ஒன்று விழுந்த சத்தம் தனியாகக் கேட்டது. அப்புறம் கடைசி அறை மொத்தமும், சுவரும் கூரையுமாக, பள்ளத்துக்குள் இறங்கியது. தெருவெல்லாம் புழுதி. குட்டி தூக்கிவாரிப் போட்டு விழித்து வீறிட்டது. கூட்டம் வீட்டைப் பார்த்தது. மகள் மட்டும் திரும்பவில்லை.

"எப்போலருந்துப்பா தெரியும்?"

"புதன்கிழமைலருந்து" என்றார் மாஸ்டர்.

குட்டி அழுதுகொண்டே இருந்தது. அழுகிற குழந்தையை வாங்கிக்கொள்ள அவர் இரண்டு கையையும் நீட்டினார். மகள் குட்டியைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அவருக்கும் குழந்தைக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.