மூன்றாம் அடுக்கில் ஒரு சரிகை இழை

பானை ஓட்டின் வயது ஓட்டில் எழுதியிருக்காது. அது கிடந்த மண்ணில்தான் இருக்கும். கூரத்துக்குப் பக்கத்து மேட்டில் எங்கள் அகழாய்வுப் பயிற்சி முகாம் தொடங்கிய அன்று மாணிக்கவேல் சார் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார். மேலே உழுத மண். அதன் கீழ் இடைக்காலச் செங்கல் துண்டுகள். அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில் மூன்றாம் அடுக்கு, இரும்புக் காலத்து மண். மேல்மண் சாமான் ஒன்றே ஒன்று கீழே கிடைத்தாலும் எலியோ மரவேரோ மண்ணைக் கலைத்துவிட்டது என்று பொருள். கலைந்த குழியில் கிடைத்த எதற்கும் காலம் சொல்ல முடியாது.

ஒரே குழியில் நானும் பிரவீனாவும். ஒன்பதாம் நாள் மூன்றாம் அடுக்கில் அவள் ஓர் ஓட்டை எடுத்தாள். தூரிகையால் மண்ணைத் தள்ளியதும் மூன்று கீறல் குறிகள் வரிசையாகத் தெரிந்தன. சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"அறிக்கையில இத பத்தி நீயே எழுதும்மா. உன் பேர்லயே வரட்டும்."

அந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னாள். அவள் பக்கத்து ஊர்க் காலனிக்காரி. "எங்க பெரியப்பா இதே மேட்டுல கூலிக்கு ஏர் ஓட்னாரு. அவரு கால்ல எத்தினி ஓடு குத்திச்சோ, ஒரு அறிக்கையும் வரல," என்று சிரித்தாள்.

மறுநாள் அதே அடுக்கின் மண்ணைச் சலித்தேன். சல்லடையில் நகத்தளவு சரிகை மினுக்கியது. வீட்டுக்கு வீடு பட்டுத் தறி ஓடும் பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவனுக்கு அதைச் சோதிக்கத் தெரியும். நல்ல சரிகைக்குள் பட்டு நூல் இருக்கும்; கொளுத்தினால் மயிர் கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். இதன் நுனியைக் கொளுத்தினேன். உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டது. பாலியஸ்டர்.

"அத்த தூக்கிப் போட்டுடுப்பா," என்றாள் பிரவீனா.

"எலி வளை இருக்கும்."

"எங்க இருக்குது? காட்டு."

நான்கு சுவரிலும் தேடினோம். வளையும் இல்லை, வேரும் இல்லை.

"சார்கிட்ட சொல்லணும் பிரவீனா."

"நீ சொல்லுவ. உனுக்கு இன்னா போச்சு."

சொன்னேன். சார் இழையை வெகுநேரம் பார்த்தார். "ஓடு பழசுதான். எவ்வளவு பழசுன்னு இனிமே சொல்ல முடியாது," என்று பதிவேட்டில் 'கலைந்த குழி' என எழுதினார். எல்லார் முன்னாலும் என் நேர்மையைப் பாராட்டினார். ஓடு, இடம் தெரியாத பொருள்களின் பெட்டிக்குப் போனது; அறிக்கையில் பிரவீனாவின் பக்கமும் இல்லாமல் போனது. கடைசி நாள் குழியை மூடினோம்.

அடுத்த வாரம் அம்மா என் முகாம் சட்டையைத் துவைக்க எடுத்து உதறினாள்.

"தெனமும் வந்து தறி மேல போட்டு வெக்காதன்னா கேக்கறியாடா? துணி பூரா சரிகத் துண்டு."

முழுக்கைச் சட்டையின் மடிப்பில் நாலைந்து துண்டுகள் இருந்தன. ஒன்றைக் கொளுத்தினேன். அதே கறுப்பு மணி.

உடனே சாருக்குப் போன் செய்தேன்.

"உன் சட்டையிலேர்ந்துதான் விழுந்துச்சுன்னு காட்ட முடியுமா? குழியும் மூடியாச்சு. எழுதினது எழுதினதுதான்பா."

அவர் சொன்னது தவறில்லை. சந்தேகம் மண்ணுக்குள் போக ஓர் இழை போதும். அதை வெளியே எடுக்கத்தான் வழி கிடையாது.

பிரவீனாவின் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ மண்ணு கலையல," என்றாள்.

"இல்ல."

"நீ கலச்சிட்டுப் போயிருக்க."

"விண்ணப்பத்துல நான் வேணா எழுதிக் குடுக்கறேன், நடந்தத."

"அது வெள்ளிக்கெழமையோட முடிஞ்சிடுச்சி." என் சட்டையை மேலிருந்து கீழே பார்த்தாள். "உள்ள வர்றதுன்னா உதறிட்டு வாப்பா. எங்க வூட்ல எதுனா கலஞ்சிடப் போவுது."

சிரிப்பாள் என்று நின்றேன். அவள் சிரிக்கவில்லை.