புறங்கையில் ஒரு துளி கிரீம்

சோறு கிடையாது, ரொட்டி கிடையாது, சர்க்கரை கண்ணிலேயே படக்கூடாது. கேக் கடையின் பின்கட்டில் நாள் முழுக்க கிரீம் அடிக்கிறவனிடம் இதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! சொன்னவர் ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர். கீட்டோ என்று பெயரும் சொன்னார். என் இரண்டு முட்டிகளும் தேய்ந்துபோய்விட்டன. எடையைக் குறைத்துக்கொண்டு வந்தால்தான் ஆபரேஷன் என்று எலும்பு டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நின்றுகொண்டே செய்கிற வேலை என்னுடையது. முட்டியை மாற்றாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். முதலாளி வேறு என் நடையைப் பார்த்து உச்சுக்கொட்ட ஆரம்பித்திருந்தார்.

சரி, உயிரா போகப்போகிறது என்று தொடங்கினேன். தொடங்கிய பிறகுதான் சந்தேகங்கள் வரிசைகட்டி வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆலோசகருக்குப் போன் போட்டேன்.

"மேடம், டீயில பால் ஊத்திக்கலாமா?"

"கொஞ்சமா ஊத்திக்கோங்க. சர்க்கரை வேண்டாம்."

"தேன்? அது இயற்கைதானே?"

"இயற்கையா வந்தாலும் அது சர்க்கரைதான் மாஸ்டர்."

"வாழைப்பழம்? பழம் உடம்புக்கு நல்லதுன்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்றீங்க?"

"எல்லாருக்கும் சொல்றேன். இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம்."

அப்படியானால் என்னத்தைத்தான் தின்பது? முட்டை, மீன், கோழி, கீரை, வெண்ணெய். வெண்ணெய் என்றதும் கொஞ்சம் உயிர் வந்தது. அடுத்த நாளே தலை விண்விண்ணென்று தெறித்தது. மறுபடியும் போன். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், தண்ணீர் நிறையக் குடியுங்கள், உப்பு போட்ட சூப் குடியுங்கள் என்றார். வயிறு இறுகிக்கொண்டது. அதற்கும் போன்.

"அந்த அம்மா உங்களைத் தவிர வேற யாரையும் பார்க்கக் கூடாதா?" என்றாள் என் மனைவி. அதே கடையில் முன்பக்கம் கேக்கை எடுத்துக் கொடுத்து மேசைகளைக் கவனிக்கிறவள். அவளுக்கென்ன, மத்தியானம் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுத் தெம்பாகப் பேசுவாள்.

இவ்வளவு வதைபட்டும் எடை மெஷினின் முள் அசையவில்லை. உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கிவிட்டதா என்று சிறுநீரில் தோய்த்துப் பார்க்கிற பட்டையும் நிறம் மாறாமல் வெளிறிக் கிடந்தது.

"வேற ஏதாவது உள்ள போகுதா மாஸ்டர்? யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் ஆலோசகர்.

எனக்குச் சுருக்கென்றது. பச்சைத் தண்ணீரைக்கூட யோசித்துக் குடிக்கிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? வீட்டுக்கு வந்தால், மனைவி என் பையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"என்ன தேடுறே?"

"பிஸ்கட் ஏதாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களான்னு. கோவிச்சுக்காதீங்க. கால் நல்லாகணும்னுதான் பார்க்கறேன்."

அன்றைக்கு நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. திருடனைச் சோதிப்பதுபோல இவளே சோதித்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? முகம் கழுவுகிற சாக்கில் குளியலறையில் நின்று அழுதேன்.

அடுத்த வாரம் ஆலோசகரே எங்கள் கடைக்கு வந்தார். மகளின் பிறந்தநாளுக்குக் கேக் வேண்டுமாம். ஊருக்கெல்லாம் சர்க்கரை வேண்டாம் என்கிறவர்! நான் மனதுக்குள் கறுவிக்கொண்டே, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் கிரீம் அடித்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போலப் புறங்கையில் ஒரு துளி வைத்து நக்கினேன். வெனிலா விட்டேன். இன்னொரு துளி. சாக்லேட் கிரீமில் ஒரு துளி, எலுமிச்சையில் ஒரு துளி. நிமிர்ந்தால், அந்த அம்மா பேயைக் கண்டவர்போலக் கண்ணாடியோடு ஒட்டி நிற்கிறார். விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டார்.

"என்ன பண்றீங்க மாஸ்டர்?"

"ருசி பார்க்கறேன்."

"தினமுமா?"

"ஒவ்வொரு கலவைக்கும் பார்க்கணுமே. இல்லாட்டி எப்படிக் கடைக்கு அனுப்பறது?"

"இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நான் என்ன சாப்பிடறேன்னுதானே நீங்க கேட்டீங்க? இது சாப்பாடா? வேலை!"

"ஆமா மேடம், அது வேலை" என்று பின்னாலேயே வந்த என் மனைவியும் வெள்ளந்தியாகச் சொன்னாள். இத்தனை வருடமாக அவளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஆலோசகர் தலையில் கைவைத்துக்கொண்டு மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து ருசி பார்க்கிற பொறுப்பு மனைவிக்கு வந்தது. என் நாக்கை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு நிற்பது எவ்வளவு எரிச்சல் என்று எனக்குத்தான் தெரியும். கரண்டியை நீட்டினேன்.

"நல்லா இருக்குங்க."

"நல்லா இருக்குன்னா? தித்திப்பு எப்படி?"

"நல்லா இருக்கு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "கல்யாணமான நாள்லேருந்து இதையேதான் சொல்றே! வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லேன். என் காலே இதுலதான் இருக்கு!"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தித்திப்பு ஜாஸ்தி."

"இன்னைக்கா?"

"எப்பவுமே."

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நிறைய பேர் கிரீமை வழிச்சு தட்டு ஓரத்துல வச்சிட்டுப் போயிடறாங்க. நீங்க பார்த்தா மனசு கஷ்டப்படுவீங்கன்னு உடனே கழுவிடுவேன்."

முட்டி வலியெல்லாம் ஒரு வலியா என்று இருந்தது. யார்மீது கோபப்படுவது என்றும் தெரியவில்லை. அடுத்த கலவைக்கு அள்ளிய சர்க்கரையில் பாதியைத் திரும்ப டின்னிலேயே கொட்டினேன். கரண்டியை நீட்டினேன். அவள் வாயில் வைத்தாள். கேட்காமலே இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டாள்.

பட்டை நிறம் மாறியது. எடையும் மெல்ல இறங்க, எலும்பு டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார். மேசைகளிலிருந்து தட்டுகள் வழித்து நக்கியதுபோலத் திரும்பி வருகின்றன. கிரீம் இப்போதுதான் பிரமாதமாக இருக்கிறது என்று முதலாளி போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்கிறார். எனக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று தெரியாது.