பியூலா கேட்ட தண்ணீர்

வேதக்கோயில் தரையில் அவள் தலைமுடி விரிந்து கிடக்கிறது, என் தங்கச்சி பியூலாவின் முடி, முழங்கால் வரை நீண்டது, அதன்மேல் கால் படாமல் உபதேசியார் தள்ளி நிற்கிறார், சத்தமே போடவில்லை மனுஷன், இயேசுவின் நாமத்தினாலே இவளை விட்டுப் போ என்றார், அவ்வளவுதான், வாசலில் வந்து நிற்கிற மாட்டைப் போகச் சொல்வதுபோல, நாலு மாசமாக ஆம்பளைக் குரலில் உறுமிக்கொண்டிருந்தவள் கண்ணைத் திறந்து, அக்கா, தண்ணி தா என்றாள், சொன்னால் நடக்கிற அதிகாரத்தைக் கண்ணால் கண்டேன், அன்றைக்குத்தான் நான் விசுவாசி ஆனேன், அன்றைக்கே எனக்கு வயிறு எரியவும் தொடங்கியது.

அந்த நாலு மாசமும் அவளைக் குளிப்பாட்டினது யார், ஊட்டிவிட்டது யார், கடி வாங்கினது யார், நான்தான், இந்தா இடது மணிக்கட்டில் இன்னும் பல் தடம் இருக்கிறது, ஞாயிறு பள்ளியில் வருஷா வருஷம் வேத வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கினதும் நான்தான், ஆனால் பிசாசையே அதட்டுகிறவர் வந்து பேசினது அவளுக்காக, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை, ஒரு சின்னப் பிசாசாவது என்னைப் பிடித்திருக்கக் கூடாதா, சிரிக்காதே மனசே, நிஜமாகவே அப்படி நினைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக அசனப் பண்டிகைக்கு, அதான் கோயிலில் ஊரே சேர்ந்து சாப்பிடுகிற நாளுக்கு, அவள் வெள்ளைச் சேலையில் மைக் முன்னால் நின்று சாட்சி சொல்லுவாள், கூட்டம் அழும், நான் பின்பக்கம் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்பேன், எங்க அக்கா என்னைப் பார்த்துக்கிட்டா என்று ஒரு வரி வரும், ஒரே ஒரு வரி.

போன மாசம் அவள் என் வீட்டுக்கு வந்து, அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு, அக்கா, மறுபடியும் பயமா இருக்கு, தூக்கத்துல அந்தக் குரல் கேக்குற மாதிரி இருக்கு, யாருட்டயும் சொல்லிராத என்று அழுதாள், முதுகைத் தடவிக்கொடுத்தேன், தடவும்போதே உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், அடிப் பாவி, சந்தோஷம்.

அவள் சொன்ன ரகசியத்தை முந்தியில் முடிந்துகொண்டுதான் இந்த வருஷம் அரிவாள்மணையை விட்டு எழுந்து போனேன், அவள் சாட்சி முடித்ததும் நானும் பேசணும் என்றேன், மைக்கைப் பிடித்தும் விட்டேன், அது இன்னும் இவள விடல, என்கிட்டயே சொன்னா, இவ்வளவு சொன்னால் போதும், அவள் மானம் அங்கேயே போய்விடும், நான் வாய் திறக்குமுன்னே பியூலாவுக்குப் புரிந்துவிட்டது, முகம் வெளிறி நிற்கிறாள், அக்கா என்று உதடு மட்டும் அசைகிறது, அந்தப் பார்வை எனக்குத் தெரியும், அந்த நாலு மாசமும் உறுமலுக்கு நடுவே, காப்பாத்து என்று எட்டிப் பார்த்த அதே கண், அன்றைக்கு உறுமினது அவளுக்குள்ளே இருந்தது, இன்றைக்கு உறுமுவது எங்கே இருக்கிறது, என் தொண்டையில், ஐயோ, இத்தனை வருஷமும் இதற்குச் சோறு போட்டு வளர்த்திருக்கிறேனே, எனக்கும் ஒண்ணு இருக்கு உபதேசியாரே, என் தங்கச்சி மேல பொறாமை, அவளக் கெடுக்கத்தான் இங்க ஏறுனேன், இதப் போகச் சொல்லுங்க என்கிறேன், மைக் விழுகிறது, நானும் விழுகிறேன்.

முன் பெஞ்சில் கம்பை ஊன்றி உபதேசியார் எழுந்திருக்கிறார், கிழவராகிவிட்டார், அதே குரல், சத்தமில்லாமல், இயேசுவின் நாமத்தினாலே இவளை விட்டுப் போ, தரை குளிர்கிறது, கொண்டை அவிழ்ந்து என் முடி விரிந்து கிடக்கிறது, பாதி நரைத்த முடி, யாரோ அது மிதிபடாமல் அள்ளி எடுக்கிறார்கள், கத்தரிக்காய்க் கறை படிந்த என் கையை ஒரு கை பிடிக்கிறது, அதன் விரல் அந்தப் பல் தடத்தின்மேல் படுகிறது, கண்ணைத் திறக்கிறேன், பியூலா, தண்ணி தா என்கிறேன்.