பின்பலகை

மேஜையைத்தான் அடித்தேன், அவளை அடிக்கவில்லை, இதை இன்னும் எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்வது, எலும்பு டாக்டரிடம் சொன்னேன், மனைவியிடம் சொன்னேன், சகலையிடம் சொன்னேன், அவனும் "சரி சகலை, சரி சகலை" என்று தலையை ஆட்டிக்கொண்டே என் மகளின் துணிப்பையைக் கொண்டுபோய்த் தன் காரில் வைத்தான்... இன்றோடு இருபத்திரண்டு நாள், சித்தி வீட்டில்தான் இருக்கிறாள், அங்கேயிருந்தே பள்ளிக்கூடம் போகிறாள், சுண்டுவிரல் நடுவில் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான், அரை அங்குலம் தள்ளியிருந்தால் மேஜையோடு போயிருக்கும், சனியன், இந்த மரச்சட்டம் ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறது, உளியை வைத்தால் நார் பிளந்துகொண்டு கோணலாக ஓடுகிறது, ஓடு, எங்கே ஓடுவாய் பார்க்கிறேன், கொட்டாப்புளியால் ஒன்று போட்டேன், உளி இறங்கியது, இன்னொன்று, இன்னொன்று, மரம் கத்துகிற மாதிரி ஒரு சத்தம், நன்றாகக் கத்து. நாலு மணிக்கு வருகிறார்கள். மகளும் சகலையும்தான், இப்போது ஒன்றே முக்கால். குறுக்குச்சட்டத்தில் ஆப்புக்கு இன்னும் இரண்டு துளை பாக்கி, அவளுக்குச் செய்கிற இந்தப் புது மேஜை முழுசாக அவள் அறை வாசலில் நுழையாது, அதனால் கால்களைக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்திருக்கிறேன், உள்ளே கொண்டுபோய் ஆப்பு அடித்து இறுக்கினால் போதும், ஒரு ஆணி கிடையாது.

அன்றைக்கும் இதே கொட்டாப்புளிதான், நானே கட்டையில் செதுக்கிய மரச்சுத்தியல், ஒன்றரைக் கிலோ... நான் லிப்ட் மெக்கானிக், ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்குகிறவன், லீவு நாளில் மட்டும்தான் எனக்கு வீட்டுக்குப் பின்னால் இந்தக் கொட்டகை, இந்த மரம். அன்று பசை தடவிவிட்டேன், இரண்டு பலகையையும் சேர்த்துப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், பசை ஐந்து நிமிஷம்தான் பொறுக்கும், மகளைக் கூப்பிட்டேன், பதில் இல்லை, மறுபடி கூப்பிட்டேன், மூன்றாவது தடவை தொண்டை கிழியக் கூப்பிட்டேன், பசை இறுகி ஒரு மாத வேலை நாசம், எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே, எவ்வளவு திமிர் இருக்க வேண்டும், உள்ளே போனேன், சுவரோடு ஒட்டிக் கிடந்த மேஜை முன்னால், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், அந்த முதுகு, அந்த முதுகைப் பார்த்ததும்தான்... நாலாவது தடவை கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம். கையை ஓங்கி, அவள் தோளுக்கு மேலாகவே மேஜையில் போட்டேன், கடையில் வாங்கின மேஜை, மரத்தூளை ஒட்டிச் செய்த அட்டை, ஒரே அடியில் உள்வாங்கிப் பிளந்தது, பிளந்த வாயில் அவள் இடது கை. காதில் ஹெட்போன் இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன், அதிலிருந்து ஏதோ பாட்டு சன்னமாகக் கேட்டது. அவள் கத்தவில்லை. மூச்சை இழுத்தாள், விடவில்லை, எவ்வளவு நேரம் விடாமல் இருந்தாள்... நல்ல மரமாக இருந்திருந்தால் தாங்கியிருக்கும், விரலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அந்தக் கடைக்காரனைத்தான் உதைக்க வேண்டும்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாக யார் மேலும் நான் கை வைத்ததில்லை. ஆனால் மனைவி ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள், பத்து நாளுக்கு முன்னால் சமையலறையில் நின்று விரல் விட்டு எண்ணினாள், ரிமோட்டு, சோற்றுத் தட்டு, பீரோ கண்ணாடி, குளியலறைக் கதவு, இரண்டு போன், எண்ணி முடித்து, "நீங்க ஒவ்வொண்ணா ஒடைக்கிறப்ப அது பக்கத்துல நாங்க ரெண்டு பேரும் நின்னுக்கிட்டுதான் இருந்தோம், அதத் தெரியுமா உங்களுக்கு?" என்றாள். வாய், வாய், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையிலிருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தேன், மெதுவாக வைத்ததை அவள் கவனித்தாளா தெரியவில்லை. அப்போதுதான் அந்தக் காகிதத்தைத் தந்தாள், மகள் எழுதிக் கொடுத்தனுப்பியது, உயரம் முப்பது அங்குலம், ஒரு டிராயர், மேலே கண்ணாடி வேண்டாம், கால் ஆடக்கூடாது, பின்பக்கமும் இழைத்து பாலிஷ் போடவும். போடவும்! கடைக்காரனுக்கு எழுதுகிற மாதிரி, அப்பா என்று ஒரு இடத்தில்கூட இல்லை. "வந்து பாக்கட்டும். இருக்கணும்னு தோணுச்சுன்னா இருப்பா. இல்லன்னா நானும் தங்கச்சி வீட்டுக்கே போயிடறேன்." பால் வாங்கப் போகிறேன் என்கிற குரலில் சொன்னாள். சரி, வேலைக்கு லீவு போட்டு எல்லாம் செய்தாயிற்று, உயரம், டிராயர், கால், எல்லாம், பின்பக்கம் மட்டும்... சுவரைப் பார்க்கிற பக்கத்துக்கு எவனாவது பாலிஷ் போடுவானா, பல்லி வந்து முகம் பார்க்கவா, நல்ல பலகையை முன்னால் போட்டுக் கணுவும் வெடிப்பும் உள்ளதைப் பின்னால் தள்ளுவதுதானே தொழில், கைவசம் ஒரு கோணல் பலகை கிடந்தது, நடுவில் கன்னங்கரேலென்று கணு, கணுவிலிருந்து கீழ்வரைக்கும் வெடிப்பு, அதைத்தான் பின்பலகையாகப் பொருத்திவிட்டேன். சின்னப் பெண், அவளுக்குத் தச்சு வேலையைப் பற்றி என்ன தெரியும்.

ஒரு துளை முடிந்தது. என் அப்பா ஆளை அடிப்பார், பெல்ட்டில் பக்கிள் இருக்கிற பக்கத்தால். அவர் வருகிறபோதே தெரிந்துவிடும், வாசலில் செருப்பைக் கழற்றுவார், இரண்டும் சேர்ந்து விழுந்தால் பிழைத்தேன், ஒன்று விழுந்து கொஞ்சம் பொறுத்து மற்றது விழுந்தால் அன்றைக்கு எனக்கு உண்டு. ஆறாம் வகுப்பில் ஒரு அறை, வலது காதில் இன்றுவரைக்கும் பாதிதான் கேட்கிறது, அன்றைக்கே சத்தியம் பண்ணினேன், நான் பெரியவனானால் ஆளைத் தொடமாட்டேன், கோபம் வந்தால் பொருளை உடைப்பேன், பொருளுக்கு வலிக்காது... சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறேனா இல்லையா? காப்பாற்றித்தானே இருக்கிறேன்? அப்போதெல்லாம் பீரோவுக்கும் மூலைக்கும் நடுவில், முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்துதான் படிப்பேன், அம்மா வந்து, "அங்க வெளிச்சமே இல்லியேடா, ஜன்னல் பக்கம் போய் உக்காரு, கண்ணு கெட்டுப்போயிடும்" என்பாள், பாவம், அவள் கையிலும் பக்கிள் தழும்பு இருந்தது, ஆ, உளி வழுக்கிவிட்டது, கட்டைவிரல், ரத்தம், சட்டமெல்லாம் ரத்தம், உளியைத் தூக்கி எறிந்தேன், சுவரில் பட்டுப் பெயின்ட் டப்பாவைச் சாய்த்துக்கொண்டு விழுந்தது, சட்டத்தை ஒரு உதை விட்டேன், இன்னொரு உதை, கால்தான் வலித்தது. போ, போய் உளியை எடு. நாலு மணிக்கு வருகிறார்கள்.

மேல்பலகை மட்டும் இரண்டு அங்குல கனம், இந்த மாதிரி எவனும் போடமாட்டான், யானை ஏறி நிற்கலாம். போன வாரம், பாலிஷ் போடுவதற்கு முன்னால், இங்கே யாரும் இல்லை, கொட்டாப்புளியை இரண்டு கையாலும் பிடித்து, தலைக்கு மேல் ஓங்கி, அவள் இடது கை வைக்கிற இடம் எதுவோ அதைப் பார்த்து ஒரே போடு போட்டேன். முழு பலத்தோடு. கொட்டகைத் தகரமே அதிர்ந்தது, பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, மேல்பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை, கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம், அவ்வளவுதான், தாங்கிவிட்டதடா என்று தனியாக நின்று சிரித்தேன்... சிரித்துவிட்டு, எதற்காகச் சோதித்துப் பார்த்தோம் என்று ஒரு யோசனை வந்தது, படிக்கிற மேஜையை யார் அப்படிச் சோதிப்பார்கள், புத்தகமும் பேனாவும் வைக்கிற மேஜை, அதன் தலையில் யார் இடி போல இறங்கப்போகிறார்கள்? வேறு யார். ஈரத்துணியைப் பள்ளத்தில் போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஒற்றினேன், ஆவி ஏறினால் அமுங்கிய மரம் எழும்பிவிடும், எழும்பிவிட்டது, பாலிஷும் போட்டாயிற்று, எனக்கே இப்போது இடம் தெரியாது. தெரியும். இடது ஓரத்திலிருந்து... இல்லை, தெரியாது.

வந்துவிட்டார்கள், நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே. சகலை கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, "என்ன சகலை, மேஜையா, பாலமா? லாரியே போகும் போலிருக்கே" என்று சிரித்தான், நானும் சிரித்தேன், மகள் கொட்டகைக்கு வரவில்லை, கூடத்தில் அம்மாவுக்குப் பின்னால் நின்றாள், விரலில் இன்னும் கட்டு. வளர்ந்துவிட்டாளா, மெலிந்துவிட்டாளா, இருபத்திரண்டு நாளில் எது நடக்கும்? கட்டைவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தேன், நானும் சகலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் அவள் அறையில் மாட்டினோம், சட்டம் காலுக்குள் போய் மறுபக்கம் வந்தது, ஆப்பைச் சொருகிக் கொட்டாப்புளியால் அடித்தேன். "ஆப்பு அடிக்க சகலைக்குச் சொல்லியா குடுக்கணும்" என்றான் அவன். முதல் அடி, இரண்டாவது அடி, ஆப்பு பிடிக்கப் பிடிக்கச் சத்தம் கெட்டியாகிக்கொண்டே போனது, எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும், இன்னும் நாலு போட்டேன், மனைவி வாசலுக்கு வந்து, "போதுங்க" என்றாள். "இறுகணும்ல, கால் ஆடக்கூடாதுன்னு எழுதியிருக்கா" என்றேன். "அவ கொல்லப்பக்கம் போய் நின்னுக்கிட்டு இருக்கா. போதுங்க." ஒரு ஆப்பு இன்னும் கால் அங்குலம் வெளியே நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டேன், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையைப் பாதியில் விட்டேன், இதையாவது யாராவது கவனிப்பார்களா.

மேஜையைச் சுவரோடு ஒட்டி, ஜன்னல் வெளிச்சம் இடது பக்கம் விழுகிற மாதிரி போட்டிருந்தோம். மகள் வந்தாள், என்னைச் சுற்றிக்கொண்டு போனாள், மேல்பலகையைத் தடவிப் பார்த்தாள், டிராயரை இழுத்தாள், வழுக்கிக்கொண்டு வந்தது, முகத்தில் ஏதோ கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது, இருப்பாள், இருந்துவிடுவாள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. "சித்தப்பா, இதத் திருப்பிப் போடணும்" என்றாள், அவனிடம்தான், என்னிடம் இல்லை. எப்படித் திருப்பி என்று அவன் கேட்டான். "நான் சுவர் பக்கம் உக்காருவேன். பின்பக்கம் வாசலப் பாக்கணும்." வெளிச்சம் வலது பக்கமிருந்து வரும்மா, எழுதுகிற இடத்தில் உன் கை நிழலே விழும், கண் கெட்டுப்போகும் என்று சொல்ல வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன், எங்கேயோ கேட்ட பேச்சு... மேஜை திரும்ப இடம் போதவில்லை, நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து வாசலுக்கு வந்துவிட்டேன். திருப்பிப் போட்டார்கள். அவள் நாற்காலியைச் சுவரில் ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். எனக்கு நேர் எதிரே என் பின்பலகை, இழைக்காதது, பாலிஷ் இல்லாதது, நடுவில் கணு, கணுவிலிருந்து கீழ்வரைக்கும் வெடிப்பு. நிமிஷத்துக்கு ஒரு தரம் யார் வருகிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்கத்தான் இந்த இடத்தைக் கேட்டிருக்கிறாள், காகிதத்தில் எழுதியும் கொடுத்தாளே, போடவும் என்று... கழற்றி வேறு பலகை போட்டுத் தருகிறேன், நாளைக்கே போட்டுத் தருகிறேன் என்று சொல்லலாம் என்று பார்த்தால் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னும் கீழே பார்த்தாள். கொட்டாப்புளி என் கையிலேயே இருந்தது. மேஜை மேல் இருந்த அவள் இடது கை மெல்ல மடிக்கு இறங்கியது, பள்ளம் இருந்த இடத்திலிருந்துதான் இறங்கியது. கீழே வைத்துவிடு, வைத்துவிடு என்று எனக்கு நானே சொல்கிறேன், ஆனால் வைக்க வேண்டுமென்றால் கையை அசைக்க வேண்டும், அசைத்தால் அவள்... மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறாள், இங்கிருந்தே தெரிகிறது, மனைவி பின்னாலிருந்து "என்னங்க" என்கிறாள், நான் அசையாமல் நிற்கிறேன், எந்தப் பக்கம் அசைத்தால் ஓங்குகிற மாதிரி இருக்காது?