கதவில் இருக்கும் பெயர்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசிப் பேச்சிலிருந்து கிடைத்தது.

"மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை வரேன். ஸ்க்ரூ டிரைவர் இருக்கா, நான் எடுத்துட்டு வரணுமா?"

"இருக்கு, அத்தை."

பேச்சு அவ்வளவுதான். கதைக்கு இதுவே போதும் என்று உட்கார்ந்தேன். போதவில்லை. ஸ்க்ரூ டிரைவர் எதற்கு என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

அந்த மாப்பிள்ளையின் வீட்டுக் கதவில் ஒரு பித்தளைப் பலகை. அதில் அவன் மனைவியின் பெயர். அவள் இறந்துவிட்டாள். அவள் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அந்தக் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒரு பெண்ணுக்கு இந்தப் பெயர். பெயர் யாருக்கோ, பலகையும் அவருக்கு. போனில் பேசிய அத்தை, இறந்தவளின் அம்மா, அவருக்கும் இதே பெயர்தான். இனி இது குழந்தைக்கு.

கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. கதை இங்கேதான் நிற்கிறது.

2

முதல் தொடக்கம்: "மாலை வெயிலில் பித்தளை தகதகவென்று"

(நிறுத்திவிட்டேன். அது வடக்குப் பார்த்த கதவு. வெயில் விழாது.)

இரண்டாவது தொடக்கம்: "அவளுக்குத் தன் பெயர் பிடிக்காது." இது உண்மை. இருக்கட்டும்.

அவளுக்குத் தன் பெயர் பிடிக்காது. பள்ளியில் புதிதாக வரும் ஆசிரியர் அந்தப் பெயரை வாசித்துவிட்டு வாசல் பக்கம் பார்ப்பாராம், கைத்தடி ஊன்றிக்கொண்டு யாராவது வருகிறார்களா என்று. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே 'லென்ஸ்' என்று பட்டப்பெயர் வாங்கிக்கொண்டாள். அவனும் அப்படித்தான் கூப்பிட்டான். கல்யாணப் பதிவின்போதுதான் முழுப் பெயரைக் கேட்டான். சிரித்துவிட்டான். அவள் என்னை — அவனை முறைத்தாள்.

குடிவந்த அன்று அவள் அம்மா பலகையோடு வந்து நின்றார்.

"அம்மா, இதைப் பார்த்தா ஏதோ பொக்கை வாய்க் கிழவி வீடுன்னு நினைப்பாங்க."

"நினைக்கட்டுமே. கண்டதை விக்க வர்றவன் அப்படியே திரும்பிப் போவான்."

பலகை அலமாரிக்குள் போனது, போர்வைகளுக்கு அடியில்.

3

இந்த மாமியார் பாத்திரம்தான் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. முதல் பிரதியில் அவர் மேசையைத் தட்டி, "வழக்கம்னா வழக்கம்தான்" என்றார். அவர் மேசையைத் தட்டுகிறவர் இல்லை. தட்டுவதற்கு முன் மேசைமேல் உள்ள டம்ளரை எடுத்து ஓரமாக வைப்பார், அதற்குள் கோபம் ஆறிவிடும். அந்த வரியை எடுத்துவிட்டேன்.

அவரை வேறு இடத்தில் காட்டுகிறேன். பல் மருத்துவமனை. உதவியாளர் பெயரைக் கூப்பிட்டதும் அம்மா, மகள் இரண்டு பேரும் எழுந்தார்கள். மகள் உள்ளே போனாள். மருத்துவர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்தார். அவள் வாய்க்குள் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இந்தக் கடவாய்ப் பல்லை நான் எப்பவோ எடுத்துட்டேனே. திரும்ப எப்படி முளைச்சுது?"

"அது எங்க அம்மா வாய், டாக்டர்."

அவளுடைய படத்தைத் தேடி எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதே பல்லின் வேர், அதே பக்கமாக வளைந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வாயைத் திறந்து அவனிடம் காட்டினாள். வேர் வெளியே தெரியாது என்றான். "இருக்குன்னு தெரியுதுல்ல," என்றாள். அன்று ஆரம்பித்தது. பெயருக்கும் அப்படி ஒரு வேர் இருக்கும் என்று (இந்த வாக்கியம் வேண்டாம். அவள் கேட்டால் சிரிப்பாள்.)

அம்மாவுக்குப் போன் போட்டாள். "முதல்ல யாரு மாட்டினாங்க, இந்தப் பலகையை?"

"எங்க அம்மாவோட அம்மாடி. முன்னறையில டைப்பிங் சொல்லிக் குடுத்தாங்க. வர்ற பிள்ளைங்க வீடு தெரியாம அலையுதுங்கன்னு மாட்டினாங்க. வீட்டு ஓனர், 'வாசல்ல பொம்பளை பேரா?'ன்னு கழட்டிப் போட்டாராம். அவர் கழட்டக் கழட்ட இவங்க மாட்டினாங்க. அந்த மூலை அப்ப உடைஞ்சதுதான்."

போனை வைத்துவிட்டுப் போர்வைகளை எல்லாம் இழுத்துப் போட்டாள். ஸ்க்ரூ டிரைவர் அகப்படவில்லை. ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் கத்தியால் பலகையைக் கதவில் முடுக்கினாள். கத்தி வழுக்கி, முதல் எழுத்தின் குறுக்கே ஒரு கீறல்.

"போச்சு!" என்றாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். "பரவாயில்ல. மூலை அவங்களோடது, கீறல் என்னோடது."

அதற்குப் பிறகு லென்ஸ் என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். முழுப் பெயர் அவன் வாய்க்குள் பெரிய மிட்டாய் போல உருண்டது. மெல்லப் பழகியது. நீளமான பெயரில் ஒரு வசதி, கூப்பிட்டு முடிப்பதற்குள் அவள் வந்துவிடுவாள்.

(இப்போது முடித்த பிறகும்)

4

முடிவுகள்.

அ. கழற்றிக் கொடுக்கிறான். நல்லவன். வாசகர்கள் மகிழ்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆ. குழந்தைக்குப் புதிதாக ஒன்று செய்யக் கொடுக்கிறான். இதை அவன் விசாரித்தும் பார்த்தான். "அச்சு அசலா அப்படியே போட்டுடலாம் சார்," என்றார் பலகை செய்பவர். "இந்த ஒடைஞ்ச மூலை, கீறல்லாம் இல்லாம, சுத்தமா." அவன் திரும்பி வந்துவிட்டான்.

இ. தர மாட்டேன் என்கிறான். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

5

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தார். கையில் ஸ்க்ரூ டிரைவர், இருக்கிறது என்று சொல்லியும். உள்ளே வரவில்லை. கதவுக்கு முன்னால் நின்று கீறலை விரலால் தடவினார்.

"அத்தை," என்றான். "இது இங்கேயே" என்று தொடங்கினான்.

அவர் காதில் விழவில்லை போலும்.

"முந்தாநாள் பார்சல் குடுக்க ஒருத்தன் வந்தான், மாப்பிள்ளை. வெளிய நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். நான் அடுப்படியில இருந்தேன். எப்பவும் கேக்கற மாதிரியே, 'யாருக்குப்பா, அம்மாவுக்கா பொண்ணுக்கா?'ன்னு கேட்டுட்டேன்." சிரிக்கப் பார்த்தார். "பாவம், அவன் முழிச்சான்."

கீறலிலிருந்து விரலை எடுத்தார்.

"கேட்டா பதில் சொல்ல ஒரு ஆள் வேணும்ல."

ஸ்க்ரூ டிரைவரை அவனிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டான். மூன்று திருகாணிகள் சுலபமாக வந்தன. நான்காவது, அவள் கத்தி வழுக்கிய திருகாணி, தலை தேய்ந்து போயிருந்தது. பலகை அந்த ஒன்றில் சாய்ந்து தொங்கியது.

இங்கே நிறுத்துகிறேன். மேலே எழுத எனக்கு வரவில்லை.

கவனித்திருப்பீர்கள், அந்தப் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை. உங்கள் குடும்பத்திலும் அப்படி ஒன்று இருக்கும், யாரோ வைத்துக்கொள்ளக் கூச்சப்பட்டது. அதைப் பலகையில் போட்டுக்கொள்ளுங்கள். கதவுக்கு முன்னால் நின்று ஒரு தடவை சத்தமாகக் கூப்பிடுங்கள். உள்ளேயிருந்து அத்தை கேட்பார்:

"அம்மாவையா, பொண்ணையா?"

நீங்கள் சொல்வதுதான் முடிவு.