கனகா எழுதிய பன்னிரண்டு

மாதேவி கூட்டித் துடைக்கும் குவெம்பு நகர் கோச்சிங் சென்டரில்தான் அவள் மகள் கனகாவுக்கு இலவச சீட்டு கிடைத்திருந்தது. சும்மா இல்லை. சனிக்கிழமை டெஸ்டில் முப்பதுக்கு இருபத்தெட்டு வாங்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் சீட்டு போச்சு. பணம் கட்டிய பிள்ளைகள் முட்டை வாங்கினாலும் உட்கார்ந்திருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை கணக்கு வாத்தியார் சுரேந்தர் கேலியாக ஒரு கேள்வி வைத்தார். கனகா என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் மூன்று ஏ, இரண்டு கே, ஒரு என். எந்த இரண்டு ஏ-யும் ஒட்டி வராமல் ஆறு எழுத்தையும் எத்தனை விதமாக அடுக்கலாம்? அவர் விடை இருபத்துநாலு. கனகா எழுதியது பன்னிரண்டு. அதனால் மொத்தம் இருபத்தேழு மார்க்.

வராந்தாவில் துடைப்பத்தோடு நின்ற மாதேவிக்கு எல்லாம் காதில் விழுந்தது.

கனகா எழுந்து சொன்னாள்: “ரெண்டு கே-யும் ஒண்ணுதானுங்க சார். எடத்தை மாத்தி வெச்சாலும் அதே வார்த்தைதான் வரும். நீங்க ரெண்டு தடவை எண்ணிட்டீங்க.”

“ஓஹோ, மேடம் எனக்குப் பாடம் எடுக்கறாங்க. போர்டுல எழுது, பாக்கலாம்.”

கனகா பன்னிரண்டையும் எழுதினாள்.

“மிச்சம் பன்னெண்டு எங்கே? எழுதற வரைக்கும் நில்லு.”

“பதிமூணாவதே இல்லீங்க சார். இருந்தா நீங்க ஒண்ணு எழுதிக் காட்டுங்க.”

எழுதிக் காட்ட அவரிடம் ஒன்றும் இல்லை. அது அவருக்கே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன? வல்லான் வகுத்ததே வாய்க்கால். ஒரு மணி நேரம் அவளைச் சாக்பீஸும் கையுமாக நிற்கவைத்தார். பிள்ளைகள் சிரித்துச் சிரித்து அலுத்தபின் மாதேவியை உள்ளே கூப்பிட்டார்.

“உன் பொண்ணுக்கு வாய் நீளம். தப்புன்னு ஒத்துக்கிட்டு பேப்பர்ல இருபத்துநாலுன்னு மாத்தட்டும், மார்க் போடறேன். இல்லேன்னா இன்னிக்கே சீட்டு கேன்சல்.”

மாதேவிக்குக் கணக்கு தெரியாது. கௌதள்ளியை விட்டு மைசூருக்கு வந்த பதினோரு வருஷத்தில் அவள் கற்றது ஒன்றுதான்: பெரிய மனுஷன் கோபித்தால் முதலில் காலில் விழு, சரியா தப்பா என்று பிறகு பார்த்துக்கொள். மகள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“எழுதிப்போடு. சாரையா எதுத்துப் பேசற?”

கனகா அம்மாவை ஒரு முறை பார்த்தாள். பன்னிரண்டைக் கோடு போட்டு அடித்து, இருபத்துநாலு என்று எழுதி, ஸாரி சார் என்றாள். மார்க் இருபத்தெட்டு ஆனது. மாதேவி கும்பிட்டாள். பாவி, கும்பிட வேறு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, அதே வகுப்பில் பணம் கட்டிப் படிக்கும் தருண்குமாரின் அப்பா சென்டருக்குப் போன் செய்தார். அவர் வக்கீல். அவர் மகனும் பன்னிரண்டு என்றுதான் எழுதியிருந்தானாம். கனகா நின்ற ஒரு மணி நேரமும் வாயைத் திறக்காதவன். திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் விடையைப் பன்னிரண்டு என்று திருத்தி ஒட்டியிருந்தார்கள். தருண்குமாருக்கு ஒரு மார்க் ஏறியது. கனகாவுக்கு ஒன்று இறங்கியது.

“நீங்கதானுங்களே மாத்தச் சொன்னீங்க,” என்று மாதேவி சுரேந்தரிடம் அழுதாள்.

“பேப்பர்ல இருக்கறது அவ கையெழுத்து. யாரோ சொன்னாங்கன்னு சரியான விடையை அடிக்கறவளுக்கு எதுக்கு சீட்டு? உன் வேலை உனக்கு இருக்கு, பயப்படாதே.”

கனகா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மாதேவி பின்னாலேயே ஓடினாள்.

“கண்ணு, அப்ப நீ மொதல்ல எழுதுனதுதான் சரியா?”

“இதை அன்னிக்கு ஒரு வார்த்தை கேக்கலியேம்மா நீ,” என்றாள் கனகா.