மருந்து வைத்தவள்

என் மாமனார் அய்யாக்கண்ணுவின் சோற்றில் நான் மருந்து வைத்துவிட்டேன் என்று கறம்பக்குடிப் பக்கம் நாலு ஊருக்குத் தெரியும். ஆளை உருக்கிக் கொல்கிற மருந்தாம். சொன்னது என் மாமியார் பிச்சையம்மாள். சிங்கப்பூரில் இருக்கும் என் புருஷனோ, "அம்மா எதுக்குப் பொய் சொல்லப் போவுது இளமதி?" என்று போனை வைத்துவிட்டார்.

மனிதர் உருகியது உண்மைதான். நாற்பது வருஷம் அரவை மில்லில் தவிட்டுத் தூசியைச் சுவாசித்தவர். அது போதாதென்று நாளுக்கு இரண்டு கட்டு பீடி. கொல்லைக்குப் போய்த் திரும்புவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். அது வீட்டுக்குப் பழகிப்போன சங்கதி. புதிதாக வந்தது வயிற்று வலி. சாப்பிட்டுக் கை கழுவிய கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவார். வலிக்குப் பயந்து சோற்றைக் குறைத்தார். ஆறு மாதத்தில் எலும்பும் தோலுமானார். சமைப்பது நான். பழி போட வேறென்ன வேண்டும்?

பொன்னமராவதிப் பக்கம் மருந்து எடுக்கிறவள் ஒருத்தியிடம் கூட்டிப்போனார்கள். அவள் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, முடி சுற்றிய உருண்டை ஒன்றைத் துப்பினாளாம். "வீட்டுப் பொம்பளை கைதான்" என்றாளாம். அடுத்த வெள்ளிக்கிழமை ஊர் கூடியிருக்க, கோயிலில் என்னைக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ண வைத்தார்கள். என் அப்பா தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நின்றார். அதற்கும் மாமியார், "கள்ளிக்குச் சத்தியம் சக்கரைப் பொங்கல்" என்றார். நான் அழவில்லை. ஊர் முன்னால் பழி சொன்ன வாய் ஊர் முன்னாலேயே இல்லையென்று சொல்ல வேண்டும், அதுவரை இவர்களை விடக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து மாமியாரே உலை வைத்தார். வலி நிற்கவில்லை. "முன்ன வச்சது உள்ளுக்குள்ள ஊறிக்கிட்டு இருக்கு" என்றார். நான் மாதக் காலண்டரில் தேதிக்குத் தேதி குறிக்க ஆரம்பித்தேன். எத்தனை மணிக்குச் சாப்பாடு, எவ்வளவு, எத்தனை மணிக்கு வலி, அன்றைக்கு மூச்சு இளைப்பு எப்படி. மூன்று மாதத்தில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. அரை டம்ளர் கஞ்சி குடித்தால் வலி இல்லை. தட்டு நிறையச் சாப்பிட்டால் அரை மணி நேரத்தில் துடிப்பார். இளைப்பு அதிகமான நாளில் நாலு வாய்க்கே வலி வந்துவிடும். யார் சமைத்தாலும் இதேதான்.

ஒரு வியாழக்கிழமை டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலண்டரைச் சுருட்டிப் பைக்குள் வைத்திருந்தேன்.

"சாப்பிட்டா வலி வருதா, வெறும் வயித்துலயும் வருதா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"எந்நேரமும் வலிதாங்க. எல்லாம் இவ வச்ச மருந்து" என்றார் மாமியார்.

நான் பையைத் திறந்தேன். மாமனார் மூச்சு வாங்கிக்கொண்டே, "இவளை அங்கிட்டுப் போகச் சொல்லுங்க. இவ மூஞ்சிய பாத்தாலே வயிறு எரியுது" என்றார்.

பையை மூடினேன். இன்னும் நாலு நாள் துடிக்கட்டும். திங்கட்கிழமை திரும்ப வரச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு ஊர்ப் பெரியவர் இரண்டு பேரைக் கூட்டிவந்து, அவர்கள் முன்னால் காட்டுகிறேன் என்று வெளியே போய் நின்றேன். வயிற்றுப் புண்ணுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பங்காளி வீட்டில் கெடாவெட்டு. "இவ இல்லாத எடத்துலயாவது வயிறாரச் சாப்புடுங்க" என்று மாமியார் அவரைக் கிளப்பினார். முந்தின நாளிலிருந்தே அவருக்கு இளைப்பு கடுமையாக இருந்தது. கறியும் சோறுமாக வயிறு முட்டச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன். பைக்கில் ஏற முடியாமல் ஏறினார். நான் வாயைத் திறக்கவில்லை. மனசுக்குள் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் ஆம்புலன்ஸில்தான் கொண்டுபோனார்கள். ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரம்மா மாமியாரையும் என்னையும் உட்கார வைத்துச் சொன்னார். குடலுக்குப் போகிற ரத்தக்குழாய் ரொம்ப நாளாகவே பீடியால் சுருங்கியிருக்கிறது. கெட்டுப்போன நுரையீரலால் அந்தக் கொஞ்ச ரத்தத்திலும் பிராணவாயு குறைவு. சாப்பிட்டதும் குடலுக்கு ரத்தம் அதிகம் வேண்டும், அது கிடைக்காமல்தான் வலி. இப்போது குழாய் முழுக்க அடைத்துக் குடல் அழுகிவிட்டது. வெட்டி எடுக்கலாம், ஆனால் மயக்க மருந்தை அந்த நுரையீரல் தாங்காது.

"சாப்பிட்டாத்தான் வலின்னு வியாழக்கிழமையே யாராவது சொல்லியிருந்தா, அன்னைக்கே ஸ்கேன் எடுத்துக் குழாய்க்கு ஸ்டென்ட் வச்சிருப்போம்."

"எங்களுக்கு என்னங்க தெரியும்?" என்று மாமியார் அழுதார். பை என் மடியில் இருந்தது.

விடியும்போது போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊரே வந்திருந்தது. என் அப்பாவும் வந்திருந்தார். பந்தி தொடங்குமுன் மாமியார் எழுந்து என் கையைப் பிடித்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தப் புள்ள மேல அநியாயமா பழி போட்டேன். டாக்டரே சொல்லிட்டாங்க. அவுக சாவுக்கும் இவளுக்கும் சம்மந்தமே இல்ல. இவ ஒரு பாவமும் அறியாதவ."

அப்பா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் கேட்ட வார்த்தை, கேட்டபடியே, ஊர் முன்னால் வந்துவிட்டது. அது உண்மையாக இருந்த நாளில் ஒருவரும் சொல்லவில்லை.